மீட்டிங் வேற... செஷன் வேற!



டிபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங். டூர் ஊட்டிக்குப் போகலாம்னு ஒருத்தர் தீர்மானம் கொண்டுவர்றார். ஓட்டெடுப்பில் ஊட்டி அவுட்! மெஜாரிட்டிக்குக் கொச்சி மேலதான் கண்ணு. மணி ஆறாயிடுச்சு. 'மீதியை நாளைக்கு நாலு மணிக்குத் தொடரலாம்'னு முடிவு பண்ணிக் கலையறீங்க. மறுநாள் அதே ஆள் எழுந்து, 'ஊட்டியை இன்னொரு வாட்டி ஓட்டுக்கு விடலாமே'ங்கறார். கொச்சி கோஷ்டியில் பாதிப் பேர் அன்னிக்கு ஆப்சென்ட். அனுமதிக்கலாமா, கூடாதா?

இதுக்கு 1876-லேயே பதில் எழுதி வெச்சவர் நம்ம ஆளுதான். அதாவது, ஒரு இன்ஜினீயர்! பேர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். அமெரிக்க ராணுவத்தில் இன்ஜினீயரிங் ஆபீஸர். 1863-ல் மாசசூசெட்ஸில் இருக்கற நியூ பெட்ஃபோர்டில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் திடீர்னு தலைமை தாங்கச் சொல்லியிருக்காங்க. எப்படி நடத்தறதுன்னே தெரியாம மானம் போச்சு. அந்தக் கடுப்பில் படிக்க ஆரம்பிச்சவர், கடைசியில் 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்'னு ஒரு புத்தகமே போட்டார். முதல் 4,000 பிரதி சொந்தக் காசு! இன்னிக்கு அமெரிக்காவில் எத்தனையோ ஸ்கூல் போர்டு, லைப்ரரி போர்டு, நகர சபைகள் இந்தப் புத்தகத்தை வெச்சுத்தான் கூட்டம் நடத்துது. (1900 புயலுக்கப்புறம் கால்வெஸ்டன் நகரத்துக்குக் கடல்சுவர் கட்டச் சொன்ன இன்ஜினீயர் குழுவிலும் ராபர்ட் இருந்தார். சிவில் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!)

ராபர்ட் கணக்குப்படி, உறுப்பினர்கள் ஒரு இடத்தில் கூடி, கலையறவரைக்கும் நடக்கறது 'மீட்டிங்'. நடுவில் டீ பிரேக் விட்டாலும் அதே மீட்டிங்தான். 'செஷன்' அதைவிடப் பெருசு. ஒரே வேலையை முடிக்க, ஒண்ணோட தொடர்ச்சியா இன்னொண்ணுன்னு நடக்கற மீட்டிங் எல்லாம் சேர்ந்தது ஒரு செஷன்.

மாசாமாசம் கூடற போர்டுக்கு ஒவ்வொரு மாசக் கூட்டமும் தனி செஷன். ஆனா செவ்வாய்க்கிழமை முடியாம, 'வியாழக்கிழமை தொடரலாம்'னு தள்ளி வெச்சா மீட்டிங் ரெண்டு, செஷன் ஒண்ணு. இங்கதான் மேட்டரே இருக்கு. தோத்துப்போன தீர்மானத்தை அதே செஷனில் அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. அடுத்த செஷனில் தாராளமா கொண்டுவரலாம். நடுவில் மனசு மாறினால்? ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்ட யாராவது எழுந்து, 'மறுபரிசீலனை பண்ணலாம்'னு கேட்கணும். தோத்தவருக்கு அந்த உரிமை கிடையாது.

ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. ஒரு தீர்மானத்தில் ஒருத்தர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் பேசலாம். இது மட்டும் செஷன் கணக்கில்லை, நாள் கணக்கு. வியாழக்கிழமை விவாதம் தொடர்ந்தா, அறுவை ஆசாமிக்கு மறுபடி ரெண்டு சான்ஸ். விதி அப்படி!

'இதெல்லாம் சும்மா டெக்னிக்கல் சண்டை பாஸ்'னு தோணுதா? பஞ்சாபில் நடந்ததைக் கேளுங்க. நம்ம ஊர்ல செஷனுக்குப் பேர் கூட்டத்தொடர். மாநிலத்தில் அதைக் கூட்டறதும் முடித்துவைக்கறதும் கவர்னர். உள்ளே எந்தெந்த நாள் அவை நடக்கணும்னு பார்த்துக்கறது சபாநாயகர். 2023 மார்ச்சில் பஞ்சாப் சட்டசபையின் பட்ஜெட் கூட்டத்தொடரைக் காலவரையறை இல்லாம ஒத்திவெச்சாங்க. ஆனா முடித்துவைக்கலை. ஜூன் 19, 20-ல் சபாநாயகர் மறுபடி அவையைக் கூட்ட, 4 மசோதா பாஸ். அதில் ஒண்ணு, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு கவர்னருக்குப் பதிலா முதல்வரை வேந்தராக்கற மசோதா. மாணவர்கள் சமாச்சாரம்!

கவர்னர் பன்வாரிலால் புரோகித் (2017-லிருந்து 2021 வரை நம்ம கவர்னரா இருந்தவரேதான்), அந்தக் கூட்டமே செல்லுமான்னு கேட்டு மசோதாக்களுக்குக் கையெழுத்துப் போடலை. கேஸ் சுப்ரீம் கோர்ட் போச்சு. 2023 நவம்பர் 10-ல் தீர்ப்பு: செஷன் இன்னும் உயிரோடதான் இருந்தது, சபாநாயகர் கூட்டினது செல்லும், கவர்னர் மசோதாக்கள் மேல் முடிவெடுக்கணும். ஒத்திவைப்புக்கும் முடித்துவைப்புக்கும் வித்தியாசம் இல்லைன்னா அந்த ரெண்டு நாளும் செல்லாமப் போயிருக்கும். (வேந்தர் மசோதா அப்புறம் ஜனாதிபதிகிட்ட போய் 2024-ல் ஒப்புதல் இல்லாம திரும்பினது தனிக்கதை.)

சரி, ஊட்டி என்னாச்சு? நீங்க 'நாளைக்குத் தொடரலாம்'னுதானே கலைஞ்சீங்க? அப்போ மறுநாளும் அதே செஷன்தான். ஊட்டிக்காரர் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கணும். இல்லேன்னா, கொச்சி கோஷ்டிக்குள்ள அவருக்கு ஒரு ஃப்ரெண்டாவது இருக்கணும்!