தியாகத்தாய் போதும், கூலியைப் பேசுவோம்

‘ஆராதனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமாக 1974இல் வந்தது ‘சிவகாமியின் செல்வன்’. ஊரறியாமல் மணந்த விமானப்படை அதிகாரி இறந்துவிட, வாணிஸ்ரீ வயிற்றுப்பிள்ளையோடு நிற்கிறார். பிள்ளையை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே ஆயாவாகிறார். தன்னிடம் அத்துமீறியவனை மகன் கொன்றுவிட, பழியை ஏற்றுச் சிறைக்கும் போகிறார்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? ஊரும் உறவும் கூடாத கல்யாணம். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கான சட்டம் 1967இலேயே தமிழ்நாட்டில் நிறைவேறிவிட்டது. அதை ஊரறியச் செய்யவேண்டிய கட்டாயமில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் சாதி மறுத்து மணக்கும் பெண்ணுக்கு இன்றும் அதே பழிதான்.

அகமணமே சாதியின் சாரம் என்று 1916இல் விளக்கினார் அம்பேத்கர். பெண்ணைக் காவல் காக்காமல் அகமணம் நிற்காது. ‘களங்கம்’ என்ற சொல் அந்தக் காவல் வேலையைத்தான் செய்கிறது. இவ்வளவு துன்பப்பட்டதால் நாயகி நல்லவள் என்று படம் சொல்கிறது. களங்கம் என்பதே பொய் என்று அது சொல்லவில்லை.

போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் பலர் தலித்துகள். நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிறார்கள். இதையும் ‘தாயின் தியாகம்’ என்று போற்றிவிட்டால், கூலியைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை.

அதே சாலையில் பூப்பாறை தாண்டிப் போனால் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையை மறித்தார்கள். ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களைப் பக்கத்தில் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ பிறந்தது அப்படித்தான். 2017இல் கேரள அமைச்சர் ஒருவர் அந்தப் பெண்களின் ஒழுக்கத்தை இழிவுபடுத்திப் பேசினார். சினிமாத் தாய் என்றால் தலைகுனிந்து ஒதுங்கியிருப்பார். இவர்கள் மறுபடியும் தெருவில் உட்கார்ந்து, ‘மன்னிப்புக் கேள்’ என்றார்கள்.

அடுத்த அன்னையர் தினத்தன்று தியாகத்தாய் படத்தைப் பகிர்வதற்கு முன், தோழர்களே, ஜீப்பில் போகும் அம்மாக்களுக்கு என்ன கூலி, போய்வர என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். வீட்டில் அக்கா தங்கை யாரை மணக்க விரும்பினாலும் அவர் பக்கம் நில்லுங்கள்.