ஒரு மணி நேர வாடகைக்காக

வெயில் காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஜேசிபி சத்தம் ஆரம்பித்துவிடும். வாய்க்கால் தூர் எடுக்கிறது, ஏரி வண்டல் அள்ளுறது, மேட்டை உடைச்சுச் சமன் பண்றது, புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுறது என்று, வடக்கனந்தலில் இருந்து கள்ளக்குறிச்சி போய் வருவதற்குள் நாலைந்து வண்டியாவது கண்ணில் படும். இதைப் படிக்கிற உங்களில் சில பேர் பட்டணத்தில் இருந்துகொண்டே கிராமத்தில் அஞ்சு சென்ட், பத்து சென்ட் வாங்கிப் போட்டிருப்பீர்கள். நாளைக்கு நீங்களும் ஜேசிபிக்குப் போன் பண்ணத்தான் போகிறீர்கள். அதனால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிடறேன்.

போன வருஷம் வைகாசி. என் கொல்லையில் பழைய கிணறு ஒண்ணு இருக்கு. அதை ஒட்டிப் போகிற வாய்க்கால் மண் மூடிக் கிடந்தது. மணிக்கு 1,300 ரூபாய் பேசி ஜேசிபி கூப்பிட்டேன். ஓட்டி வந்தது வெள்ளிமலைப் பக்கத்துப் பையன். 22, 23 வயசு இருக்கும். வந்ததும் வண்டியை விட்டு இறங்கி, கிணத்துக் கரையில் ரெண்டு நடை நடந்து பார்த்தான். குதிகாலால் மண்ணை மிதிச்சுப் பார்த்தான்.

"ஐயா, இந்தப் பக்கம் மண்ணு பொதுபொதுன்னு இருக்கு. அந்தப் பக்கமா சுத்திப் போய் நின்னு எடுக்கிறேன். வழி போட ஒரு மணி நேரம் கூட ஆகும்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன தடவையும் இங்கதான்பா நின்னு எடுத்தாங்க. ஒண்ணும் ஆகாது, நீ எடு."

மூணு நாள் முன்னாடிதான் கோடை மழை ஒரு பாட்டம் அடிச்சிருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் மனசில் ஓடினது அந்த 1,300 ரூபாய்தான். பையன் மறுபேச்சு பேசலை. வாடகைக்கு வந்தவன், வயசில் சின்னவன், எப்படிப் பேசுவான்?

அரை மணி நேரம் நல்லாத்தான் போச்சு. வாய்க்கால் மண்ணை அள்ளித் தூக்கி, கிணத்துக் கரை பக்கமாகக் கொட்டத் திருப்பினான். அப்போது வலது பக்கம் ஊன்றியிருந்த இரும்புக்கால் மண்ணுக்குள் இறங்கினது. வண்டி கிணத்துப் பக்கம் சாய்ந்தது. ஏழெட்டு டன் வண்டி. இடது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் கத்தினேன், "குதிடா தம்பி, குதி!"

அவன் குதிக்கலை. தூக்கியிருந்த பக்கெட்டை அப்படியே மண்ணோடு தரையில் இறக்கி அமுக்கி ஊன்றினான். வண்டி நின்னுது. கிணத்து விளிம்புக்கும் டயருக்கும் ஒண்ணரை அடிதான் இருந்தது. என்ஜினை நிறுத்திட்டு, மேடாக இருந்த இடது பக்கக் கதவு வழியாக மெதுவாக இறங்கி வந்தான். கை நடுங்கினது. எனக்கு அதைவிட அதிகமாக நடுங்கினது.

பிறகு ஒரு இட்டாச்சி வரவழைத்து, சங்கிலி போட்டு, பொழுது சாயத்தான் வண்டியை வெளியே எடுத்தோம். ஒரு மணி நேர வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் நாலு மணி நேர வாடகை போச்சு. அது போகட்டும். டீ குடிக்கும்போது அவன் சொன்னதுதான் இன்னும் மனசில் கிடக்கு.

"ஐயா, நீங்க குதின்னு சொன்னீங்க. சாயுற பக்கம்தான் எனக்குக் கதவு திறந்திருந்துச்சு. குதிச்சிருந்தா வண்டி என் மேலதான் வந்து விழுந்திருக்கும்."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. கெட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னதும் நான், சாகிறதுக்கு வழி சொன்னதும் நான். நல்லதுக்குத்தான் கத்தினேன். ஆனால் என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பையன் இன்னைக்கு இல்லை.

இந்த மாதிரி வண்டிகளில் ஓட்டுநரைச் சுற்றி இருக்கிற கூண்டு வெயிலுக்காக மட்டும் வைத்ததில்லை. வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் தாங்குகிற மாதிரி செய்த கூண்டு அது. பெல்ட் போட்டு, கைகால் வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிழைக்கிற வாய்ப்பு அதிகம். குதிக்கிறவன் மேல்தான் அந்தக் கூண்டே வந்து விழும். பொருளைத் தூக்கி அடுக்குகிற போர்க்லிப்ட் வண்டிக்கும் உலகம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்: குதிக்காதே, இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இரு. முழு வண்டியும் கிணத்துக்குள் போயிருந்தால் எதுவும் காப்பாற்றியிருக்காது, அது வேற. ஆனால் வரப்பிலும் சரிவிலும் பக்கவாட்டில் சாய்கிற வண்டிக்கு இதுதான் கணக்கு. எங்கள் பக்கம் முக்கால்வாசி வண்டியில் அந்த பெல்ட் சீட்டுக்குப் பின்னாடி சொருகிக் கிடக்கும்.

"நாலு சக்கரம் இருக்கே, எப்படிக் கவிழும்?" என்று என் மகனே கேட்டான். டிராக்டரோ ஜேசிபியோ வரப்பு ஏறும்போது முன் சக்கரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மேலே ஏறும், ஒண்ணு கீழே இறங்கும், வண்டி உடம்பு ஆடாமல் இருக்கும். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு ஆணியில் மாட்டியிருப்பதால்தான் அது. அப்படியானால் வண்டியைப் பின்னாடி ரெண்டு சக்கரமும் முன்னாடி அந்த ஆணியும்தான் தாங்குது. பார்க்க நாலு கால் கட்டில் மாதிரி இருந்தாலும் அது முக்காலிதான். முக்காலியில் ஓரமாக உட்கார்ந்தால் என்ன ஆகும்? பக்கெட் நிறைய மண்ணைத் தூக்கிப் பக்கவாட்டில் நீட்டினால் அதே கதைதான். பாரம் உயர உயர, சரிவு கொஞ்சமாக இருந்தாலும் போதும்.

டிராக்டர் இன்னும் மோசம். சேத்தில் மாட்டின டிராக்டரை இழுக்க, சங்கிலியைக் கீழே இருக்கிற கொக்கியில் மாட்டாமல் அவசரத்துக்கு மேலே எங்கேயாவது கட்டிவிடுவார்கள். கிளட்சை விட்டதும் பின் சக்கரம் சுற்ற முடியாமல் நிற்க, என்ஜின் பக்கம் எழும்பிப் பின்னாடி மல்லாக்க விழும். அதுக்கு ஒரு நொடி, ரெண்டு நொடி போதும். பிரேக்கை மிதிக்கணும்னு நினைக்கிறதுக்குள் எல்லாம் முடிஞ்சிருக்கும்.

கரும்பு சீசனில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு போகிற வீடியோவை உங்கள் வாட்சப்பில் பார்த்திருப்பீர்கள். சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறார்கள். பாரமெல்லாம் பின்னாடி அழுத்தி முன் சக்கரம் எழும்பின பிறகு ஸ்டியரிங் திருப்பி என்ன பிரயோஜனம்? அந்த வீடியோவில் உட்கார்ந்திருக்கிறவன் உயிர் அந்த நேரம் அவன் கையில் இல்லை.

டிராக்டர் மேல் தகரத்தில் டாப் போட்டிருப்பதைப் பார்த்து அது காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அது நிழலுக்கு. கவிழ்ந்தால் அப்பளம். ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர் எல்லாத்துக்கும் கவிழ்ந்தால் தாங்குகிற இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். அதுக்கப்புறம் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறது படிப்படியாகக் குறைந்து அநேகமாக இல்லாமலே போச்சு. எங்கள் ஊர் வயலில் இன்னைக்கும் அந்தச் சட்டம் மாட்டின டிராக்டரைத் தேடித்தான் பார்க்கணும்.

இது வயக்காட்டு விஷயம் மட்டும் இல்லை. 2023 ஜனவரி 22 அன்று ராத்திரி, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி பக்கம் கீழ்வீதி கிராமத்தில் கோவில் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களைத் தூக்கியிருந்த கிரேன் கூட்டத்துக்கு நடுவில் சாய்ந்து விழுந்தது. நாலு பேர் செத்துப் போனார்கள். திருவிழாக் கூட்டம், இருட்டு, அவசரம். அந்த மாதிரி நேரத்தில் தரை எப்படி இருக்கு என்று குனிந்து பார்க்க யாருக்குத் தோணும்?

இந்த மாதிரி விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் "ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்ததால்" என்று ஒரு வரி வரும். எனக்கு இப்போது அந்த வரியைப் படித்தாலே கோபம் வருது. கட்டுப்பாடு அவன் கையில் எங்கே இருந்தது? எங்கே நிற்கணும் என்று சொன்னது நிலத்துக்காரன். சீக்கிரம், சீக்கிரம் என்றது காசு கொடுக்கிறவன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு விளக்கு போட்டு ஓட்டச் சொன்னது வண்டி முதலாளி. காலையில் ஒரு கொல்லை, மத்தியானம் ஒரு மனை, ராத்திரி ஒரு ஏரி என்று தூங்காமல் சுற்றுகிற பையன் மேல் கடைசியில் எல்லாப் பழியும் விழும். அவன் செத்துவிட்டால் மறுத்துப் பேசக்கூட ஆள் இல்லை.

மணிக்கணக்கு வாடகையில் இருக்கிற கோளாறு இது. மீட்டர் ஓடுது என்றதும் நமக்கு நிதானம் போயிடுது. பையன் இறங்கி மண்ணை மிதித்துப் பார்த்தால் "என்னப்பா, காசுக்கு நேரம் ஓட்டுறான்" என்கிறோம். நானும் அப்படி நினைச்சவன்தான்.

அதனால் நான் இப்போது என் கொல்லையில் சில பழக்கம் வைத்திருக்கிறேன். வண்டி வருகிறதுக்கு முதல் நாள் நானே நடந்து பார்த்து, பழைய கிணறு, மூடின குழி, குழாய் போன தடம், செப்டிக் டேங்க் எங்கே இருக்கு என்று குச்சி நட்டு அடையாளம் வைக்கிறேன். அது நிலத்துக்காரனுக்குத்தான் தெரியும், ஓட்ட வருகிறவனுக்குத் தெரியாது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளித்தான் வண்டி நிற்கணும். மழை பெய்திருந்தால் இன்னும் தள்ளி. ஏரியில் வண்டல் எடுக்கிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். மேலே வெடித்துக் காய்ந்து கிடக்கும், ஒரு அடி கீழே களி. அங்கே டிப்பர் தொட்டியைத் தூக்கும்போது ஒரு பக்க மண் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால் வண்டி அப்படியே பக்கவாட்டில் சாயும். தொட்டி தூக்கியிருக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

மட்கார்டில் யாரையும் உட்கார விடுறதில்லை. பேரப் பிள்ளை அழுதாலும் சரி. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை வண்டி கை எட்டாத தூரத்தில் நிறுத்துறேன். பையன் ஏறி உட்கார்ந்ததும் "பெல்ட் போடுப்பா" என்று ஒரு வார்த்தை. முதல் தடவை சொன்னால் சிரிப்பான். போட்ட பிறகுதான் வேலை ஆரம்பம் என்றால் போடுவான்.

எல்லாத்துக்கும் மேலே ஒண்ணு. ஓட்டுகிறவன் "இங்க வேணாம்" என்றால் அங்கே வேணாம், அவ்வளவுதான். அதுக்காகக் கூட ஆகிற ஒரு மணி நேரக் காசை வேலையின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி வந்து "சார், இப்படியே முடிச்சிடலாம்" என்பார். நீங்கள் பட்டணத்தில் இருந்து போனில் பேசினாலும் பரவாயில்லை, "ஆப்பரேட்டர் தம்பி என்ன சொல்றார்?" என்று ஒரு தடவை கேளுங்கள். உங்கள் வாயில் இருந்து அந்தக் கேள்வி வந்தால்தான் அவன் சொல்றதுக்கு அங்கே மதிப்பு வரும்.

அந்தப் பையன் இந்த வருஷமும் வந்தான். வாய்க்காலில் பாக்கி வேலை இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, வழக்கம் போல மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"நீ எங்க நிக்கணும்னு சொல்றியோ அங்க நில்லு தம்பி" என்றேன்.

கிணத்துக்கு மறுபக்கம் சுற்றிப் போய்த்தான் நின்றான். வழி போட ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சு. கொடுத்தேன்.