கொப்பி வேண்டாம், முறைப்பாட்டை எழுதுங்கோ

வடக்கில் ஒரு சின்னப் பட்டினத்துப் பொலிஸ் நிலையம் "மக்களோடு நல்லுறவு" வளர்க்கிற விதம் எல்லாருக்கும் தெரியும். தைப்பொங்கலுக்கு நிலைய வாசலில் பானை ஏறும், பொறுப்பதிகாரி வேட்டியோடு நிற்பார். பள்ளிக்கூடம் தொடங்கப் பிள்ளைகளுக்குக் கொப்பி. வெசாக்குக்குத் தன்சல். கழகங்களுக்கிடையே ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி. வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி. எல்லாத்தையும் படம் பிடிச்சு முகநூலில் போடுவார்கள். இரண்டு நாளில் பத்திரிகையின் உள்பக்கத்திலும் அந்தப் படம் வரும்.

இதைப் பகிடி பண்ண நாங்கள் எழுதவில்லை. கொப்பி வாங்குகிற பிள்ளைக்குக் கொப்பி தேவைதான். எங்களுக்கு இருக்கிறது ஒரேயொரு கேள்வி. கொப்பி கொடுக்க ஊருக்குள் வரத் தெரிந்த பொலிஸுக்கு, ஊரிலிருந்து நிலையத்துக்குப் போகிற ஒருத்தியின் முறைப்பாட்டை அவளுடைய மொழியில் எழுத ஏன் தெரியவில்லை?

பொலிஸில் நம்பிக்கை பிறக்கிறதும் சாகிறதும் முறைப்பாடு எழுதுகிற மேசையில்தான். அந்த மேசை சரியில்லாமல் மைதானத்திலும் மேடையிலும் செய்கிற எல்லாம் வெறும் விளம்பரம்.

மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் நண்பர் ஒருவரின் ஃபோனை மோட்டச்சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். நிலையத்துக்குப் போனார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் லீவில் என்றார்கள். இருந்தவர் அரைகுறைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, "இதில சைன் பண்ணுங்க" என்றார். நண்பர் வைத்தார். பிறகு அதன் பிரதியைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, பறிபோன ஃபோன் அந்தக் கடதாசியில் "தொலைந்து" போயிருந்தது. பறித்தால் குற்றம்: தேட வேண்டும், பிடிக்க வேண்டும். தொலைந்தால் அது உங்கட கவலையீனம். ஒரு வினைச்சொல் மாறினதோடு கள்ளன் காணாமல் போய்விட்டான். நிலையத்தின் கணக்கில் ஒரு குற்றமும் குறைந்தது.

மொழிப்பிரச்சினை என்று நாங்கள் சொல்லும்போது சிலருக்கு அது பழைய அரசியல் பாட்டுப்போலக் கேட்கிறது. பழசுதான், ஆனால் தீரவில்லை. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, வாய்மொழியாகக் கொடுக்கிற முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத முடியாத அதிகாரி, உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல், பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு. சட்டமும் இருக்கிறது, பரிந்துரையும் இருக்கிறது. மேசையில் மட்டும் ஆள் இல்லை.

இந்தத் திணைக்களம் எங்களிடம் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு வரலாற்றையும் கொண்டுதான் வருகிறது. 1866 இல் வெள்ளைக்காரன் தன் ஆட்சியைக் காக்க உருவாக்கிய அமைப்பு அது. சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதன் அத்திவாரத்திலேயே இல்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணம் எரிந்தபோது, பொதுசன நூலகம் சாம்பலானபோது, எரித்தவர்களில் சீருடைக்காரரும் இருந்தார்கள். அதற்கு இன்றைக்குக் கடமையில் நிற்கிற இளம் கொன்ஸ்தாபிள் பொறுப்பில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் திணைக்களம் பொறுப்பு. நூலகம் எரிந்த ஊரில் கொப்பி கொடுக்க வருகிற திணைக்களம், கொப்பிக்கு முதல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்திருக்க வேண்டும்.

பழசைக் கிண்டாதேங்கோ என்பவர்களுக்குப் புதுசையும் சொல்லலாம். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இரவில் மோட்டச்சைக்கிளில் போய்ச் செத்தார்கள். முதலில் விபத்து என்று சொல்லப்பட்டது. பிறகுதான் பொலிஸின் துப்பாக்கிச்சூடு வெளியே வந்தது. 2023 நவம்பரில், களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடித்த இளைஞர் ஒருவர் இறந்தார். தன்னை எப்படி அடித்தார்கள் என்று அவர் சொல்லும் காணொளியை எங்களில் கனபேர் ஃபோனில் பார்த்தோம். 1994 இன் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தின்படி அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை. ஏழு வருடம் என்று எழுதியிருக்கிற நாட்டில் அடிக்கிற கை ஏன் நடுங்குவதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரு "நல்லுறவுக் கூட்டம்" எங்கட ஊரில் நடந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அடுத்தது, பொலிஸின் கீழே ஊரூராக அமைக்கிற குழுக்கள். சிவில் பாதுகாப்புக் குழு என்பார்கள், பிரஜா பொலிஸ் குழு என்பார்கள். பெயர் எதுவானாலும் நாங்கள் கண்ட குழுக்களின் அமைப்பு ஒன்றுதான். கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற அதிபர், சனசமூக நிலையத் தலைவர், கடை முதலாளி. ஊரில் ஏற்கெனவே குரல் உள்ளவர்களுக்கு இன்னொரு நாற்காலி. பெண்கள் ஒருவர் இருவர், அதுவும் மாதர் சங்கத்தின் பெயரில். ஒடுக்கப்பட்ட சாதிக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தால் அதிசயம். இளம் ஆக்கள் அங்கே உறுப்பினர்களாக இல்லை. நாங்கள் அங்கே கதைக்கப்படுகிற விஷயம்: ஆர் சந்தியில் நிற்கிறது, ஆர் தலைமயிர் வளர்த்திருக்கிறது, ஆர் இரவில் ஓடித்திரியிறது.

குழுவுக்குள் தகவல் ஊரிலிருந்து நிலையத்துக்குப் போகும். நிலையத்திலிருந்து ஊருக்கு ஒன்றும் வராது. இந்த மாதம் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை நீதிமன்றம் போனது, எத்தனையை "சமாதானமாகப் போங்கோ" என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்க அங்கே இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் கதைக்கிறதுக்குப் பெயர் உறவு அல்ல, உளவு.

சனம் தானாக விழித்திருந்தபோது என்ன நடந்தது என்பதும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதப் பீதி பரவியபோது, நாவாந்துறைச் சனம் சந்தேகப்பட்ட ஆக்களைத் துரத்திக்கொண்டு போனது. அதன் பிறகு படையும் பொலிஸும் வீடுவீடாகப் புகுந்து சனத்தைத்தான் இழுத்து அடித்துக் கைதுசெய்தன, நூறு பேருக்கு மேல். விழிப்பாக இருங்கோ என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இதையும் ஒருக்கால் யோசிக்க வேண்டும்.

பெண்களின் கதை இதைவிட மோசம். அடிவாங்கி வருகிற மனைவியிடம் "பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போங்கோ அக்கா" என்று சொல்லி, புருஷனைக் கூப்பிட்டு வெருட்டி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறது பல நிலையங்களில் சேவையாகவே கருதப்படுகிறது. 2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவளுக்காகப் பொலிஸ் அதிகாரியே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள்? மகளிர் தினத்தில் பூங்கொத்துக் கொடுத்த பொலிஸ், அந்தப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால் எங்களுக்குப் போதும். 2015 இல் புங்குடுதீவில் ஒரு மாணவி கொல்லப்பட்ட வழக்கில், பிரதான சந்தேகநபர் ஒருவரைத் தப்பவிட உதவினார் என்று 2017 இல் கைதானவர் ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர். சின்ன நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு மேலே இருக்கிறவர்களின் நிலைமை அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். "ஐஸும் கஞ்சாவும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்திட்டுது, வாளோட திரியிறாங்கள், நீங்கள் பொலிஸைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறியள்." அம்மாக்களின் அந்தப் பயம் உண்மை. பொலிஸ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை செய்கிற பொலிஸ் வேண்டும் என்கிறோம். ஆனால் பயத்தைக் காட்டி என்ன செய்தார்கள் என்றும் பாருங்கோ. 2023 டிசம்பரில் "யுக்திய" என்று நாடு முழுக்கப் போதைப்பொருள் வேட்டை தொடங்கியது. ஆயிரமாயிரமாகப் பிடித்தார்கள், தொலைக்காட்சிக் கமராவோடு வீடுகளுக்குள் புகுந்தார்கள். அடுத்த மாதமே ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். அதைத் தலைமை தாங்கிய பதில் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோன், ஒருவர் காவலில் சித்திரவதை செய்யப்பட்டதற்குப் பொறுப்பானவர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே டிசம்பரில்தான். 2025 இல் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. போதை போனதா? சின்ன விற்பனையாளனும் பாவிக்கிறவனும் சிறைக்குப் போனார்கள். எங்கட சந்தி அப்படியே இருக்கிறது. தகவல் சொன்னால் தன் பெயர் வியாபாரியின் காதுக்குப் போய்விடும் என்று சனம் பயப்படுகிற ஊரில் எந்தப் போதைத் தடுப்பும் எடுபடாது. பொதுப் பாதுகாப்புக்கும் அடிப்படை அந்த மேசைமேல் உள்ள நம்பிக்கைதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சின்னன், செலவும் பெரிதில்லை.

ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு கடமை நேரத்திலும் தமிழில் எழுதக்கூடிய அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவரின் பெயர் வாசலில் பலகையில் இருக்க வேண்டும். முறைப்பாட்டின் இலக்கமும் பிரதியும் அன்றே கையில் கிடைக்க வேண்டும். குழுக்களில் பாதிப்பேர் பெண்கள், இளம் ஆக்களுக்கும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கும் இடம். மாதம் ஒருமுறை பொறுப்பதிகாரி சனசமூக நிலையத்துக்கு வந்து, எல்லாரும் இருக்க, அந்த மாதக் கணக்கைத் தமிழில் வாசிக்க வேண்டும். பொலிஸ் ஊருக்கு அறிக்கை சொல்கிற நாள்தான் சமுதாயப் பொலிஸ் சேவை தொடங்குகிற நாள்.

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. நிலையத்துக்குத் தனியப் போகாதேங்கோ, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முறைப்பாட்டைத் தமிழில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கோ. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதேங்கோ. காவலில் ஒருவரை அடிக்கிறார்கள் என்று அறிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கோ. முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கோ. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் உங்கட நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கோ. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. ஒரு கழகம் ஒரு கடிதம் எழுதினால் போதும், கிரிக்கெட் போட்டிக்கு எழுதுகிற அதே கழகம்.

அடுத்த முறை கொப்பி கொடுக்க மேடை போடும்போது, முன்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பிக் கேட்கட்டும்: "சேர், போன மாதம் நாங்கள் தந்த முறைப்பாடு என்னாச்சு?" அந்தக் கேள்விக்கு அங்கேயே, தமிழில், ஒளிக்காமல் பதில் வந்தால், கைதட்டுகிற முதல் ஆக்கள் நாங்களாகத்தான் இருப்போம்.