வீட்டுக்கல்வி: யாருடைய வீடு?

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பித்தல் என்னும் கருத்து நம் நாட்டின் கற்ற மத்தியதர வர்க்கத்தினர் சிலரிடையே இன்று கவர்ச்சியுடன் பேசப்படுகின்றது. இம்முயற்சியைத் தொடங்க விரும்புவோருக்கு வழங்கப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரே தன்மையின. சட்டம் என்ன கூறுகின்றதென அறிந்துகொள்ளுங்கள். பாடத்திட்டம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். வீட்டில் அமைதியான ஒரு மூலையை ஒதுக்குங்கள். நேரசூசியை இறுக்கமாக வகுக்காதீர்கள். பிள்ளையின் ஆர்வம் செல்லும் வழியே செல்லுங்கள். இவை ஒவ்வொன்றும் நியாயமானவையே. ஆயினும் இப்பட்டியலின் தலையில் நிற்க வேண்டிய வினா அதில் எங்குமே இல்லை. எந்த வீடு? யாருடைய வீடு? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்கல்வி பற்றிப் பேசுவது, நிலத்தைப் பற்றிப் பேசாமல் விவசாயம் பற்றிப் பேசுவதற்கு ஒப்பாகும்.

இவ்வியக்கத்தின் வரலாற்றை முதலில் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் கட்டாய வரவுச் சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாநிலம் மசாசூசெற்ஸ் ஆகும், ஆண்டு 1852. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், பிள்ளைகள் ஏன் தோல்வியுறுகின்றனர் என ஆராய்ந்து 1964இல் நூலெழுதிய ஜோன் ஹோல்ற் என்னும் ஆசிரியர், வகுப்பறையில் பிள்ளை கற்பது பாடத்தையன்று, ஆசிரியரைத் திருப்திப்படுத்தும் தந்திரத்தையே என எடுத்துக்காட்டினார். பாடசாலையைச் சீர்திருத்தலாம் என நம்பிய அவர், காலப்போக்கில் அந்நம்பிக்கையை இழந்து, 1977இல் வீட்டுக்கல்விக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். சமயக் காரணங்களுக்காகப் பாடசாலையை வெறுத்தோரும் பின்னர் பெருந்தொகையாக இணைந்தனர். 1993 அளவில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று. யேர்மனியோ இதனை அனுமதிக்கவில்லை. அந்நாட்டுப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கை 2006இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் நிராகரித்தது. தனித்தனிச் சமூகங்களாக மக்கள் பிரிந்துபோகாமற் காப்பதில் ஒரு நாட்டுக்கு நியாயமான அக்கறை உண்டு என்பது அங்கு ஏற்கப்பட்ட வாதங்களுள் ஒன்று.

ஹோல்ற்றின் குற்றச்சாட்டு நமக்கும் பொருந்தும் என்பதை மறுப்பதற்கில்லை. வறிய பிள்ளைகளின் திறமைக்கு வழிதிறக்கவென ஏற்பட்ட ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை இன்று பத்து வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதையும் விடுமுறையையும் விழுங்கி நிற்கின்றது. பாடசாலையில் வரவு பதிவாகின்றது. படிப்பு ரியூசன் கொட்டிலில் நடைபெறுகின்றது. பிரம்பு இன்னும் முற்றாக ஒழியவில்லை. இவற்றைக் கண்டு மனம் வெதும்பும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கண்ட நோய் உண்மையானது. தேடிய மருந்து பற்றியதே எமது வாதம்.

மலையகத் தோட்டமொன்றின் லயத்தை எண்ணிப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா; அதனுள் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. காலையில் தாய் கொழுந்து பறிக்கப் போனால் மாலையிலேயே திரும்புவாள். அங்கு “அமைதியான மூலை” எது? அவ்வீட்டில் தங்கும் பிள்ளை தன் ஆர்வத்தைப் பின்தொடர்வதில்லை. தம்பி தங்கையரைப் பார்க்கின்றது, தண்ணீர் சுமக்கின்றது, விறகு பொறுக்குகின்றது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்குமாறு 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்தைப் பணித்தும், அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தகைய மக்களுக்குப் பாடசாலை ஒரு சிறையன்று. சிறையிலிருந்து வெளியேறும் வாசலாகும். 5 முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கிய 1997ஆம் ஆண்டு விதிகளும், அவ்வயதெல்லையை 16 ஆக உயர்த்திய 2016ஆம் ஆண்டு மாற்றமும் இப்பிள்ளைகளை முன்னிறுத்தியே நோக்கற்பாலன.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடு முழுவதுமே வீட்டுக்குள் கற்க நேர்ந்தது. அது உண்மையான வீட்டுக்கல்வி அன்று, நெருக்கடிகால ஏற்பாடு எனலாம், உண்மையே. ஆயினும் நம் வீடுகளுள் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை அது போல எந்த ஆய்வும் வெளிப்படுத்தியதில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்கொரு கணினி. இன்னொரு வீட்டில் தந்தை வேலையால் திரும்பும்வரை கைத்தொலைபேசியே இல்லை. சமிக்ஞை தேடிக் குன்றேறிய மாணவரை நாம் கண்டோம். பாடசாலை என்னும் பொதுக்கூரை அகன்றதும் ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் பெற்றோரின் வருமானத்தின் கீழேயே நின்றது.

வீட்டுக்கல்வி பற்றிய பேச்சில் மறைந்து நிற்கும் இன்னொருவர் தாய். “பெற்றோர் கற்பித்தல்” என்பர். நடைமுறையில் உத்தியோகத்தை விடுபவர் யார்? சமையல், துவையல், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுடன் கணிதமும் விஞ்ஞானமும் சம்பளமின்றி அவள் தலையில் ஏற்றப்படுகின்றன. இலவசக் கல்வியால் பட்டம்பெற்ற ஒரு பெண்ணை மீண்டும் அடுக்களை வாசலில் அமர்த்துவதை விடுதலைக் கல்வி என அழைப்பது விந்தையே.

இனி, திண்ணைப் பள்ளியையும் குருகுலத்தையும் நினைவூட்டி, “வீட்டோடு ஒட்டிய கல்வியே நம் மரபு” என்போர் உளர். அத்திண்ணையில் அமர முடியாதிருந்தோர் யாவர் என்பதையும் அவர்கள் கூறல் வேண்டும். 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமான இருக்கையில் அமர வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் கிளர்ச்சி எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கில் அருகருகே அமர்வது அத்துணை அச்சத்தை ஏற்படுத்தியதெனின், அவ்வாங்கின் வலிமை எத்தகையது என்பது தெளிவு. வீடு தன் சாதியை, தன் சமயத்தை, தன் வர்க்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டுகின்றது. அவற்றுக்கு அப்பாற்பட்ட ஒருவனைப் பிள்ளை முதன்முதலில் தோழனாகச் சந்திக்கும் இடம் பாடசாலையே.

இலிச் 1971இல் எழுதிய பாடசாலையற்ற சமுதாயம் பற்றிய நூலை இவ்விடத்தில் மேற்கோளாகக் காட்டுவோர், அவர் பாடசாலைக்கு மாற்றாக முன்வைத்தது நான்கு சுவர்களையுடைய வீட்டையன்று என்பதை மறந்துவிடுகின்றனர். கருவிகளும் திறன்களும் தோழர்களும் எல்லோருக்கும் எட்டும் பொது வலைப்பின்னலையே அவர் வேண்டினார். அது தனியுடைமைக்கு எதிரான சிந்தனை.

அல்பேட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலாளர் 1970இல் ஒரு முக்கிய உண்மையைச் சுட்டினார். நலிவுறும் நிறுவனமொன்றிலிருந்து முதலில் வெளியேறுவோர், அதன் தரத்தில் அதிக அக்கறை கொண்டோரே. ஆதலால் அதனைத் திருத்தக்கூடிய குரலும் அவர்களுடனேயே போய்விடுகின்றது. பொதுப் பாடசாலையையே இதற்கு உதாரணமாக அவர் எடுத்தாண்டார். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் தம் பிள்ளையை வீட்டுக்கோ சர்வதேசப் பாடசாலைக்கோ அழைத்துச் சென்றபின், வகுப்பறையில் எஞ்சியிருப்போர் அதிபருடன் பேசவே அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இவ்வாறுதான் சட்டமெதுவும் மாறாமலேயே வறியோருக்கான தருமக் கல்வியாகச் சுருங்கும்.

விதிவிலக்குகள் உண்டு. உடற்குறையுள்ள பிள்ளைக்குப் பாடசாலை இடமளிக்க மறுக்கும்போதும், வதையினால் பிள்ளை ஒடுங்கும்போதும் பெற்றோர் அதனை வீட்டில் வைத்துக் காப்பது கடமையே. ஆனால் அது புகலிடம்; புகலிடத்தைக் கொள்கையாக உயர்த்துதல் ஆகாது.

அவ்வாறாயின் எங்கிருந்து தொடங்குவது? வீட்டுக்கல்வியின் சிறந்த கூறுகள் எவையும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்குவதை வேண்டி நிற்பவையல்ல. பிள்ளையுடன் உரக்க வாசித்தல், அதன் வினாவுக்குச் செவிசாய்த்தல், தோட்டத்திலும் சந்தையிலும் கணக்குக் கற்பித்தல் ஆகிய இவற்றுக்கு மாலைப்பொழுது போதும், ரியூசனிலிருந்து அதனை மீட்டால். அடுத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் சென்று பிரம்பைப் பற்றியும் ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றியும் குரலெழுப்புதல். மூன்றாவதாக, நம் கிராமங்களின் வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் அயற்பிள்ளைகள் அனைவருக்குமான கற்கும் இடங்களாக மாற்றுதல். இம்மூன்றாவது பணியில் பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு நேரடிப் பங்கு உண்டு. இலவசக் கல்வியால் இங்கு வந்து சேர்ந்தவர் நாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது வாரத்தில் இரு மாலைகள் ஒரு வாசிகசாலையில் அமர்வது நம்மால் இயலாததன்று.

தன் பிள்ளையை மட்டும் காப்பாற்ற விரும்புபவருக்கு ஒரு வீடு போதும். ஓர் ஊரின் பிள்ளைகளைக் காக்க விரும்புபவருக்குப் பாடசாலை வேண்டும். அது பழுதடைந்திருப்பின், பழுதுபார்ப்பதே அதன் வழியே மேலேறி வந்தோரின் கடன்.