ஒளித்து வைத்த விமானம்



பழைய விமானப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடுக்கு இறக்கைகள் இருக்கும். நடுவில் சட்டங்கள் வைத்து, கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டினால், எடை குறைந்த இறக்கையும் முறியாமல் தாங்கும்.

ஹைன்கல் எச்.டி. 37 என்ற ஜெர்மன் போர் விமானமும் அந்த வகைதான். எர்ன்ஸ்ட் ஹைன்கல் என்பவரின் தொழிற்சாலையில் உருவாகி, 1928ல் முதன்முதலாகப் பறந்தது. ஒரே ஒரு விமானி உட்காரலாம். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 12 சிலிண்டர் இன்ஜின் பொருத்தியிருந்தார்கள். ஜெர்மன் ராணுவத்துக்காகச் சோதனைக்குச் செய்தவை இரண்டே இரண்டு. ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது. சோவியத் யூனியனோ தயாரிக்கும் உரிமையை வாங்கி, ஐ-7 என்று பெயர் மாற்றி, 131 விமானங்களைச் செய்துகொண்டது.

'இதிலென்ன இருக்கிறது?' என்கிறீர்களா? அந்த விமானத்தை ஜெர்மனி செய்திருக்கவே கூடாது!

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919 ஜூன் 28ல் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. 'ராணுவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக்கூடாது. விமானப்படையே கூடாது' என்பது அதிலுள்ள நிபந்தனை. ஆனால், ஜெர்மன் ராணுவம் ரகசியமாகப் போர் விமானங்களைச் சோதித்தது. சோவியத் யூனியனில், லிபெட்ஸ்க் என்ற ஊரில் 1925 முதல் 1933 வரை ரகசிய விமானப் பள்ளியே நடத்தியது.

'எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்!' என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. நான் புகழமாட்டேன். லிபெட்ஸ்க்கில் பயிற்சியின்போது விபத்தில் இறந்த விமானிகளின் உடல்களை, 'இயந்திர பாகங்கள்' என்று எழுதிய பெட்டிகளில் வைத்து ஊருக்கு அனுப்பியதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையை இயந்திர பாகம் என்று எழுதி அனுப்புவது சாமர்த்தியமா? ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்கள் பாருங்கள்!

நான் ஏழாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, 'பள்ளிக்குப் பம்பரம் கொண்டுவரக் கூடாது' என்று உத்தரவு போட்டேன். மறுநாளே ஒரு பம்பரத்தையும் காணோம். எனக்கு ஒரே பெருமை! ஒரு நாள் ஒரு பையன் நெற்றியில் ரத்தத்தோடு வந்தான். 'வாசற்படியில் விழுந்துட்டேன் சார்' என்றான். மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் காயம் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் கேட்ட பிறகுதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியபோது பம்பரத்தின் துருப்பிடித்த ஆணி குத்தியது தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால், அன்றே ஊசி போட்டிருக்கலாம்.

அவன் மறைத்தது தப்பு. ஆனால், என் மீதும் தப்பு இருந்தது. பிடுங்கினேனே தவிர, ஏனென்று சொல்லவில்லை. வேறு விளையாட்டும் தரவில்லை.

உலக நாடுகளும் இதைத்தான் செய்தன. எல்லா நாடுகளும் ஆயுதத்தைக் குறைப்பதற்கு இது தொடக்கம் என்று அதே உடன்படிக்கையில் எழுதியிருந்தது. ஆனால், அதற்கான பெரிய மாநாடு ஜெனீவாவில் கூடியது 1932ல்தான். பதின்மூன்று ஆண்டுகள் தாமதம்! மறு ஆண்டே ஹிட்லரின் ஜெர்மனி அதைவிட்டு வெளியேறியது. 1935ல், தனக்கு விமானப்படை இருப்பதை வெளிப்படையாகவே அறிவித்தது. ஒளித்து வளர்த்த விமானிகளும் பொறியாளர்களும் அப்போது தயாராக இருந்தார்கள். 1941 ஜூன் 22ல், ஒளித்து வைக்க இடம் கொடுத்த சோவியத் யூனியன் மீதே ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின.

ஒரு விதி அநியாயம் என்று தோன்றினால், கையை உயர்த்தி, எழுந்து நின்று சொல்லுங்கள். ஒளிந்துகொண்டு மீறாதீர்கள். விதி போடும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைகளுக்குச் சொல்லும் விதிக்கு நாமும் கட்டுப்பட வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் குணமாகி வந்ததும், விளையாட்டுப் பீரியடில் மைதானத்தின் ஒரு மூலையைப் பம்பரத்துக்கு ஒதுக்கினேன். அதன்பின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரும் ஒளியவில்லை. நானும் ஒரு பம்பரம் வாங்கினேன். ஆனால், எனக்குத்தான் கடைசிவரை சுற்றவே வரவில்லை!