ஊசிக்கு முன் படம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வயோதிகர் பலர் மூத்திரக் கோளாற்றை வயதின் குணமென்று மறைத்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது புற்றுநோயன்று. ஆயினும் புராஸ்டேட் சுரப்பியில் புற்று அடையாளமின்றியே வளரக்கூடும். இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் எழுந்தால், அல்ட்ராசவுண்டு துணையுடன் சுரப்பியின் பல பாகங்களிலும் ஊசி செலுத்திச் சதைத் துணுக்கெடுப்பதே பழைய வழக்கம்.

2018-ல் வெளியான 'பிரெஸிஷன்' ஆராய்ச்சியில் 500 பேர் சேர்க்கப்பட்டனர். முதலில் எம்.ஆர்.ஐ. படமெடுத்து, ஐயத்துக்கிடமான இடத்தில் மட்டும் ஊசி செலுத்திய பிரிவில் நூற்றுக்கு 38 பேரிடம் அபாயமான புற்று புலப்பட்டது. பழைய முறையில் 26 பேரிடமே. படமெடுத்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் ஊசியின்றியே தப்பினர்! கதிர்ச் சிகிச்சையிலும் அப்படியே: 2023-ல் வெளியான 'மிராஜ்' சோதனையில், எம்.ஆர்.ஐ. வழிகாட்டக் கதிர் செலுத்தியபோது உடனடி மூத்திர உபத்திரவம் நூற்றுக்கு 43-லிருந்து 24 ஆகக் குறைந்தது.

இது தனவந்தர்களின் ஆடம்பரமென்பார் உளர். கூலியை இழந்து, பஸ் ஏறி, கோரிமேட்டு ஜிப்மருக்கு வரும் பாகூர்க் குடியானவனுக்கு வீண் ஊசியன்றோ ஆடம்பரம்? மத்திய சர்க்காரும் புதுவைச் சர்க்காரும், கிராமச் சுகாதார நிலையங்கள் அனுப்பும் நோயாளிகளுக்கு ஊசிக்கு முன் இப்படத்தை இலவசமாக, தாமதமின்றி எடுக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். தேசத் தொண்டர்கள் அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு முன்பே இக்கோரிக்கையைத் தத்தம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் எழுத்து மூலம் கொடுப்பார்களாக.