பச்சையைத் தொடாதே!

ஆகாயத்தில் பறக்கும் கப்பலுக்கும் தோட்டத்தில் ஓடும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. இரண்டிலும் பட்டன் இருக்கிறது. இரண்டிலும் விளக்கு எரிகிறது.

திருப்பூர் மாவட்டத்தில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது கொமரலிங்கம். நெல் வயலும் தென்னந்தோப்பும் நிறைந்த ஊர். அங்கே என் பெரியப்பா விவசாயம் செய்கிறார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். "மோட்டாரைப் போட்டுட்டு வா, கண்ணு" என்றார்.

நான் காலேஜில் படித்தவன். இது ஒரு வேலையா? மோட்டார் ரூமுக்குள் நுழைந்தேன். சுவரில் ஒரு பெட்டி. அதில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். பச்சையை அமுக்கக் கையை நீட்டினேன்.

"தொடாதே!"

பின்னாலேயே வந்த பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேலே பாரு. மூணு லைட்டுல ஒண்ணு எரியலை. இப்பப் போட்டா காயில் போயிரும்!"

மும்முனை மின்சாரம் மூன்று கம்பிகளில் வர வேண்டும். ஒன்றில் நின்றுவிட்டால் மோட்டார் சூடேறிக் காயில் கருகிவிடும். அதைக் கழற்றி, மறுபடி கட்டி மாட்டும்வரை பயிருக்குத் தண்ணீர் இல்லை. அதைத் தடுக்கத்தான் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள். எழுத்துப் படிக்கத் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

பீஸ் கட்டை எங்கே?

அன்று இரவு பெரியப்பாவின் பேரன் பழைய அமெரிக்க டெலிவிஷன் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்'. விண்வெளிக் கப்பலுக்குள்ளே பலகை பலகையாகப் பட்டன்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மிட்டாய்க் கடை போல இருந்தது. எது எதற்கு என்று பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கவில்லை.

எதிரி சுட்டான். பலகை படீர் என்று வெடித்துத் தீப்பொறி பறந்தது. ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டார்.

பெரியப்பா கேட்டார்: "ஏங் கண்ணு, அத்தாம் பெரிய கப்பலுக்கு ஒரு பீஸ் கட்டைகூடவா போடலை?"

சிரித்தேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. படத்தில் வரும் பலகை பார்ப்பதற்காகச் செய்தது. நடிகர் எதை அமுக்கினாலும் கப்பல் பறக்கும். நம் வீட்டுப் பலகை அப்படி இருக்கலாமா?

1987-ல் அந்தத் தொடரின் அடுத்த வரிசை வந்தது. மைக்கேல் ஒகுடா என்ற ஓவியர் அதற்குத் தட்டையான கறுப்புப் பலகைகளை வரைந்தார். தனித்தனிப் பட்டன் செய்வதைவிட அதில் செலவு குறைவு. படத்துக்கு அழகாகவும் இருந்தது. இன்று துணி துவைக்கும் மெஷினிலும் மின்சார அடுப்பிலும் அதே போன்ற கண்ணாடிப் பலகை வந்துவிட்டது. துடைக்கச் சுலபம்தான். ஆனால் ஈரக்கை பட்டால் சில பலகைகள் வேலை செய்வதில்லை. கண் தெரியாதவர் தடவிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. எழுத்தோ இங்கிலீஷில்!

பொய் சொன்ன விளக்கு

இது வெறும் சௌகரியக் குறைவு என்று நினைக்காதீர்கள். 1979 மார்ச் 28-ந் தேதி அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையிலோ விளக்கு அணைந்துவிட்டது. "வால்வு மூடிவிட்டது" என்று ஊழியர்கள் நம்பினார்கள். உண்மையில், "மூடு" என்ற உத்தரவு போய்விட்டது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை! நூற்றுக்கும் மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒரே நேரத்தில் வந்ததில் எது முக்கியம் என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியேறி, அணு உலையின் ஒரு பகுதி உருகியது.

நமக்குத் தெரிந்த நல்ல பலகை

நல்ல பலகை செய்ய முடியாதா? முடியும். நீங்களே தொட்டிருக்கிறீர்கள். ஓட்டுப் போடும் மெஷினைச் சொல்கிறேன். 1982-ல் கேரளத்தில் பரூரில் முதன்முதலாக வைத்தார்கள். 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. சின்னம், பக்கத்தில் நீலப் பட்டன். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது. 'பீப்' என்று சத்தம் வருகிறது. இப்போது நீங்கள் போட்ட சின்னத்தைச் சீட்டில் அச்சடித்து 7 விநாடி காட்டவும் செய்கிறது. படிக்காத பாட்டியும் தடுமாறுவதில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஒருவன் சட்டை மெஷினில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்பவன் பலகையைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? காளான் போல உப்பிய சிவப்புப் பட்டன் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதன்மேல் துணியைக் குவிக்கக் கூடாது!

ஆகவே நான் சொல்வது மூன்று. இங்கே விற்கும் சாமானில் தமிழும் படமும் வேண்டும். நிறுத்தும் பட்டன் தனியாக, சிவப்பாக, கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். விளக்கு, கொடுத்த உத்தரவைக் காட்டாமல் நடந்ததைக் காட்ட வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் தாமாகச் செய்யமாட்டார்கள். நாம் கேட்டால் செய்வார்கள். அடுத்த முறை மெஷின் வாங்கப் போகும்போது உங்கள் தாயாரையும் அழைத்துப் போங்கள். "அம்மா, இதை நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவரால் முடியவில்லையா? தாயார்மேல் குற்றம் இல்லை. அந்த மெஷின் நம் வீட்டுக்கு வேண்டாம்!